தாடி ஓணானுக்கு ஒரு தரை

1996 ஜனவரியில் அமெரிக்காவின் டென்வர் நகர விலங்குக் காட்சிசாலைக்குக் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இந்தோனேசியத் தீவுகளைச் சேர்ந்த கொமோடோ உடும்பு அங்கே சிறப்புக் காட்சியாக வைக்கப்பட்டிருந்தது. உலகிலேயே மிகப் பெரிய பல்லியினம் அது. விலங்குக்கும் பார்வையாளருக்கும் நடுவே மரத்தால் ஒரு தடுப்பு. எல்லாப் பிள்ளைகளையும் போல அவர்களும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, எம்பி எம்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு வீடுகளில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தொடங்கின. சுகாதாரத் துறையினர் தேடிக் கணக்கெடுத்தபோது, உறுதியானவையும் ஐயத்துக்குரியவையுமாக 65 சால்மோனெல்லா நோயாளிகள் தேறினார்கள். அதே கிருமி உடும்பிடமும் இருந்தது, மரத்தடுப்பிலும் இருந்தது. நோய் தொற்றுவதற்கு உடும்பைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கட்டையைத் தொட்டதே போதுமாக இருந்தது. பார்த்து முடித்தபின் கை கழுவிய பிள்ளைகள் பெரும்பாலும் தப்பித்தார்கள்.

ஊர்வன வளர்ப்பவர்கள் வீட்டில் செய்துகொள்ளும் கூண்டின் தரையைப் பற்றிப் பேசும்போது, இந்த மரத்தடுப்பை மறந்துவிடக் கூடாது. மரத்தைக் கண்ணால் பார்த்தால் வழவழப்பாக இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் அது குழாய்களின் கட்டு. மரம் உயிரோடு இருந்த காலத்தில் வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய அதே நுண்குழாய்கள், அறுத்துப் பலகையாக்கிய பிறகும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீரோடு அதில் கரைந்திருப்பதும் மிதந்திருப்பதும் உள்ளே போகும். மேலே துடைத்தால் மேலே இருப்பதுதான் போகும்.

ஊர்வனவற்றின் கழிவு நம் வீட்டு நாய் பூனையின் கழிவைப் போன்றதல்ல. பாலூட்டிகள் உடலில் மிஞ்சும் நைட்ரஜனை யூரியாவாக மாற்றி, நிறைய நீரில் கரைத்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. வறண்ட நிலத்துப் பல்லிக்கும் பாம்புக்கும் அப்படி நீரை வாரி இறைக்கக் கட்டுப்படியாகாது. அவை நைட்ரஜனை யூரிக் அமிலமாக மாற்றி, சுண்ணாம்புக் குழம்பு போன்ற வெள்ளைக் கட்டியாகக் கழிக்கின்றன. சுவரில் பல்லி எச்சத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் நுனியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொட்டு நினைவிருக்கும். அதுதான் இது. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் யூரிக் அமிலம் ஏறத்தாழ 60 மில்லிகிராம்தான் கரையும். ஆகவே அது காய்ந்து ஒட்டிக்கொண்டால், தண்ணீரைத் தெளித்து ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடாது. வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டத்தான் வேண்டும். சுரண்டலைத் தாங்குகிற தரை, ஊறலைத் தாங்குகிற தரை என்ற இரண்டு நிபந்தனைகளும் அந்த வெள்ளைப் பொட்டிலிருந்தே பிறக்கின்றன.

கிருமி விஷயத்தில் அமெரிக்கா ஏற்கெனவே ஒரு பாடம் படித்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் உள்ளங்கையில் அடங்கும் குட்டி ஆமைகள் அங்கே பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டன. பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்தார்கள். ஆமைத் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவினார்கள். சால்மோனெல்லா வீடு வீடாகப் பரவியது. 1975-இல், ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கக் கூடாது என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் தடை போட்டது. இன்றும் அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறை, 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்றும், கூண்டுச் சாமான்களைச் சமையலறையில் கழுவக் கூடாது என்றும் சொல்லிவருகிறது. நலமாகத் தெரியும் விலங்கின் குடலிலும் இந்தக் கிருமி சாதாரணமாக இருக்கும். அதை விலங்கிடமிருந்து ஒழிக்க முடியாது. தரையில் தங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நட்சத்திர ஆமை, மலைப்பாம்பு, உடும்பு போன்ற நம் நாட்டு உயிரினங்களை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எத்தனை நல்ல தரை போட்டாலும் அது குற்றம்தான். இந்த அத்தியாயம் பேசுவது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருக்கி வளர்க்கப்படும் விலங்குகளைப் பற்றி. அவற்றுள் முதன்மையானது தாடி ஓணான்.

தாடி ஓணானின் சொந்த ஊர் நடு ஆஸ்திரேலியா. நம் வேலியோரத்தில் தலையாட்டும் ஓணான் எந்தக் குடும்பமோ அதே அகமிடே குடும்பம்தான் அதுவும். வால் நுனி வரை அளந்தால் ஒன்றரை முதல் இரண்டு அடி நீளம். கோபம் வந்தால் தொண்டை முட்களை உப்பிக் கறுப்பாக்கும். அதனால்தான் தாடி என்ற பெயர். ஒரு பெரிய ஓணானுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள கூண்டு வேண்டும் என்பது அமெரிக்க வளர்ப்பாளர்களிடையே இன்று பரவலான அளவு. கடையில் அந்த அளவுக் கண்ணாடித் தொட்டி விலையும் கூடுதல், பாரமும் கூடுதல். அதனால் பலர் வார இறுதியில் ரம்பமும் துளைப்பானும் எடுத்துக்கொண்டு, பிளைவுட்டில் தாங்களே ஒரு பெட்டி செய்துவிடுகிறார்கள். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையை நான்காக அறுத்தால், நான்கு துண்டுமே 4 அடிக்கு 2 அடி. அடித்தளம், கூரை, பின்சுவர் எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். கணக்கு அழகாக வருகிறது. சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகு, அடித்தளத்தின் மேல் என்ன போடுவது என்ற கேள்வியில்.

முதலில் வேண்டிய தெளிவு, கூண்டுக்குத் தரை ஒன்றல்ல, இரண்டு என்பதுதான். பெட்டியின் அடிப்பலகை ஒரு தரை. அதன் வேலை பாரம் தாங்குவதும், நனைந்தாலும் ஊதாமல் இருப்பதும். விலங்கு நடக்கும் மேற்பரப்பு இன்னொரு தரை. அதன் வேலை காலுக்குப் பிடி கொடுப்பதும், வயிற்றுக்குச் சூடு கொடுப்பதும், கைக்குத் துடைக்க வசதியாக இருப்பதும். இரண்டையும் ஒரே பொருளால் முடித்துவிடலாம் என்று நினைத்தவர்களின் கூண்டுகள்தான் ஓராண்டில் நாற்றமெடுக்கின்றன.

அடிப்பலகையைப் பார்ப்போம். பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசையால் அழுத்திய பலகை. அதன் முகம் ஓரளவு நீரைத் தடுக்கும். விளிம்புதான் ஆபத்து. அறுத்த விளிம்பில் மரக்குழாய்களின் வாய்கள் எல்லாம் திறந்துகிடக்கின்றன. உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி நிமிர்த்தி வைத்தது போல. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தால் நீர் முகத்தில் வழிந்து, மூலைக்கு ஓடி, விளிம்பின் வழியே உள்ளே போகும். மரத்தூள் பலகையும் எம்.டி.எஃப்.பும் இன்னும் மோசம். நனைந்தால் ரொட்டி போல உப்பும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. வழவழப்பான மெலமைன் பலகை பார்க்கக் கழுவத் தக்கதாகத் தெரியும். அதன் உள்ளேயும் மரத்தூள் பலகைதான் இருக்கிறது.

ஆகவே பிளைவுட்டுக்கு நீர் சார்ந்த பாலியூரித்தேன் பூச்சு, குறைந்தது மூன்று கை. ஒவ்வொரு கைக்கும் நடுவே உப்புத்தாள் தேய்ப்பு. விளிம்புகளுக்கு மேற்கொண்டு ஒரு கை. பெட்டியை இணைத்தபின் உள்மூலைகள் அனைத்திலும் மீன்தொட்டி ஒட்டும் சிலிகான் இழுக்க வேண்டும். குளியலறைக்கென்று விற்கும் சிலிகானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது கூண்டுக்கு ஆகாது. சாதாரண சிலிகான் இறுகும்போது வினிகர் வாடை வரும். அது அசிட்டிக் அமிலம் ஆவியாகும் வாடை. அந்த வாடை முழுதும் நின்றபின்தான் சிலிகான் இறுகியதாகப் பொருள். பூச்சின் வாடையும் அப்படித்தான். திறந்த இடத்தில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் பெட்டியைக் காற்றாட விட வேண்டும். கூண்டுக்குள் விளக்கு எரியும்போது உள்ளே வெப்பம் ஏறும். வெளியே வாடையே இல்லாத பெட்டி சூடானதும் மீண்டும் வாடையடிப்பதுண்டு. விலங்கை விடுமுன் ஒரு நாள் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து முகர்ந்து பார்ப்பது நல்லது. சிறிய நுரையீரலுக்குள் போகப்போகும் காற்று அது.

மேற்பரப்புக்கு வருவோம். செல்லப்பிராணிக் கடைகள் முதலில் கையில் கொடுப்பது ஊர்வனக் கம்பளம். பச்சையோ பழுப்போ நிறத்தில், சுருட்டி விற்கும் செயற்கை நார்விரிப்பு. பார்க்கச் சுத்தமாக இருக்கும். நார்களுக்கு நடுவே கழிவு இறங்கிவிடும், அலசினாலும் முழுதாக வெளிவராது. டென்வரின் மரத்தடுப்பை விட இது மோசமான கிருமிக்கூடு. போதாததற்கு, ஓணானின் நகம் நூலில் சிக்கும். பதறி இழுத்தால் நகம் பிய்ந்துபோகும். அடிக்கடி சிக்கினால் விரலே வீங்கும். கழுவக் கழுவ வரும் என்று எழுதி விற்பது உண்மைதான், கழுவித் தீராது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மணலைப் பற்றி நீண்ட வழக்கு இருக்கிறது. பாலைவனத்து விலங்கென்றால் மணலில்தானே இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தாடி ஓணான் வாழும் ஆஸ்திரேலிய நிலம், ராஜஸ்தான் மணல்மேட்டுப் படத்தைப் போன்றதல்ல. பெரும்பகுதி களிமண் கலந்து வெயிலில் இறுகிய செம்மண். ஓணான் அதில் ஓடும், மரக்கட்டையிலும் வேலிக்கம்பத்திலும் ஏறி வெயில் காயும். சிறுத்தைப் பல்லி என்ற இன்னொரு பிரபல வளர்ப்புப் பல்லியும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துக் கல்லும் கட்டாந்தரையுமான நிலத்தைச் சேர்ந்தது. கூண்டில் தளர்ந்த மணலை நிரப்பினால், இரையைக் கவ்வும்போது மணலும் வாய்க்குள் போகும். நல்ல வெப்பமும் நீரும் புறஊதாக் கதிரும் கிடைக்கும் விலங்கு சிறிதளவு மணலைக் கழிவோடு தள்ளிவிடும். வெப்பம் குறைந்த கூண்டில் செரிமானம் மந்தமாகும். கால்சியம் போதாத விலங்கு அதைத் தேடி மண்ணையே நக்கித் தின்னும். அப்போதுதான் மணல் குடலில் அடைத்து உயிரை வாங்குகிறது. குற்றவாளி மணல் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும், எல்லாம் சரியாக அமைந்த கூண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாத புதியவர்கள், குட்டி விலங்கை மணலில் விடாமல் இருப்பதே நல்லது. கால்சியம் மணல் என்ற பெயரில் வண்ணம் சேர்த்து விற்கப்படும் சுண்ணாம்புப் பொடி, தின்னத் தூண்டுவதால் இன்னும் தவிர்க்க வேண்டியது.

தேவதாரு மரச்சீவல் பற்றி ஒரே வரி. மணமாக இருக்கிறதே என்று போடுகிறார்கள். அந்த மணத்தைத் தரும் எண்ணெய்களே ஊர்வனவற்றின் மூச்சுக்கும் தோலுக்கும் கெடுதல்.

செய்தித்தாளுக்கும் சமையலறைத் தாளுக்கும் அழகில்லை. ஆனால் விலங்கு மருத்துவர்கள் புதிதாக வந்த விலங்கைத் தனிமைப்படுத்தும்போது இதைத்தான் விரிக்கச் சொல்கிறார்கள். கழிவின் நிறம், வடிவம், அதில் புழு இருக்கிறதா என்பதெல்லாம் வெள்ளைத் தாளில் பளிச்சென்று தெரியும். சுருட்டி எறிந்தால் கிருமியும் சேர்ந்து போகும். முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு இதைவிடச் சிறந்த தரை கிடையாது. நெடுநாளைக்குத்தான் போதாது. தாளில் நடக்கும் நகம் தேயாது, ஓணான் சுரண்டிச் சுரண்டித் தாளைக் கிழிக்கும், நீரில் நனைந்த மூலை அன்றே நாறும்.

அடுத்து வருவது உருட்டித் தரும் விரிப்பு. இதை லினோலியம் என்றே பலரும் சொல்கிறார்கள், விற்பது பெரும்பாலும் வினைல். இரண்டுக்கும் பிறப்பே வேறு. வண்ணக் குப்பியின் மேல் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து ரப்பர் போல ஆடை கட்டியிருந்ததைக் கவனித்த ஃபிரெடரிக் வால்ட்டன் என்ற ஆங்கிலேயர், அந்த ஆடையோடு தக்கைத் தூளைக் கலந்து துணியில் படரவிட்டு 1860களில் காப்புரிமை பெற்றார். ஆளிச்செடிக்கும் எண்ணெய்க்கும் உரிய லத்தீன் சொற்களைச் சேர்த்து லினோலியம் என்று பெயர் வைத்தார். பின்னால் அதன் அடித்துணியாகச் சணல் வந்தது. உண்மையான லினோலியம் காரச் சோப்பில் மென்மையாகிக் கெட்டுப்போகும், நெடுநேரம் ஈரம் தங்கினாலும் ஆகாது. வினைலோ பி.வி.சி. பிளாஸ்டிக். 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ சீமன், விறைப்பான பி.வி.சி.யை வளையச் செய்யும் வழியைக் கண்டுபிடித்த பிறகே அது விரிப்பாக மாறியது.

வினைலின் பெரிய பலம், அது ஒரே துண்டு. இணைப்பே இல்லை. வெளிநாட்டு மருத்துவமனைகளின் அறுவைக் கூடங்களில் தரை விரிப்பு சுவரடியில் நின்றுவிடாமல், வளைந்து சுவரின் மேல் ஒரு சாண் ஏறி முடிவதைப் பார்க்கலாம். தரையும் சுவரும் சேரும் மூலையில் அழுக்குத் தங்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கூண்டிலும் அதையே செய்யலாம். பெட்டியை விட நான்கு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி, ஓரங்களைச் சுவரோடு ஏற்றி, மேல் விளிம்பில் சிலிகான் இழுத்தால் அது பலகைக்குள் வைத்த ஒரு தட்டு போல ஆகிவிடும். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தாலும் பலகைக்குப் போகாது.

அதன் பலவீனம் வெப்பம். வீட்டுத் தரைக்கு வெப்பக் குழாய் பதிப்பவர்களிடம் வினைல் நிறுவனங்கள் பரப்பின் வெப்பம் 27 முதல் 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்கின்றன. தாடி ஓணான் வெயில் காய விளக்கின் அடியில் வேண்டிய வெப்பமோ 40 டிகிரியை ஒட்டியது. அந்த இடத்தில் வினைல் மென்மையாகும், சுருங்கும், வாடையடிக்கும். வளையத் தன்மைக்காகச் சேர்த்த வேதிப்பொருள் கசியும். முதுகில் பசை தடவி, தாளை உரித்து ஒட்டும் வினைல் சதுரங்கள் நிலைமையை இன்னும் கெடுக்கும். சூட்டில் பசை இளகி விளிம்பு தூக்கும், தூக்கிய விளிம்பின் அடியில் பசை, பசையில் ஒட்டிய விரல். குளிர்ச்சியான கூண்டுக்கு வினைல், வெயில் காயும் விலங்குக்கு அதன் மேல் வேறொன்று என்பதே நியாயமான தீர்வு.

அந்த வேறொன்று சுட்ட மண்ணாகவோ கல்லாகவோ இருக்கலாம்.

டைல்ஸ் கடையில் நின்று பார்த்தால் எல்லா டைலும் ஒன்றுபோல் தோன்றும். உள்ளே பெரும் வேறுபாடு இருக்கிறது. உலகத் தர வரையறைப்படி, விட்ரிஃபைட் எனப்படும் டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. சுவரில் ஒட்டும் சாதாரணப் பீங்கான் டைல் 10 சதவீதத்துக்கு மேலேயே உறிஞ்சும். மேலே பளபளவென்று கண்ணாடிப் பூச்சு இருப்பதால் இந்த வேறுபாடு தெரிவதில்லை. டைலைத் திருப்பி, முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். முத்தாக நின்றால் விட்ரிஃபைட், சட்டென்று கறை படர்ந்து மறைந்தால் சுவர் டைல். அந்தக் காலப் பிள்ளைகள் எழுதிய சிலேட்டும் இந்த வேலைக்கு மிக நல்ல கல், அடர்த்தியானது, இயல்பாகவே கரடுமுரடு கொண்டது. சுண்ணாம்புக் கற்களை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். நம் சமையலறை மேடைக் கடப்பா கல்லில் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் வெளுத்துப்போவதைக் கண்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பளிங்கும் அப்படித்தான் அமிலத்தில் அரிக்கும்.

வாங்கும்போது பளபளப்பை விட்டு, மேட் எனப்படும் மங்கல் பரப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழுக்கும் பரப்பில் குட்டி ஓணான் ஓடும்போது கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோகும். வளரும் எலும்புக்கு அது நல்லதில்லை. சற்றே சொரசொரப்பான பரப்பில் நடந்தால் நகமும் தானாகத் தேயும். அதற்காக ஆழக் குழிகள் உள்ள கல்லை வாங்கினால் குழிக்குள் கழிவைத் தேடும் வேலை வந்துவிடும். கையால் தடவும்போது உப்புத்தாளின் கடைசி ரகம் போல இருந்தால் போதும்.

டைலின் தனிச்சிறப்பு சூட்டைக் கடத்துவதிலும் சேமிப்பதிலும் இருக்கிறது. மரம் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். பீங்கான் டைல் ஏறத்தாழ எட்டு மடங்கும், சிலேட்டு அதைவிடவும் கூடுதலாகக் கடத்தும். 4 அடிக்கு 2 அடி தரைக்கு ஓரடிச் சதுர டைல் எட்டு வேண்டும். 8 மில்லிமீட்டர் கனமென்றால் எட்டும் சேர்ந்து சுமார் 13 கிலோ. 10 மில்லிமீட்டர் சிலேட்டென்றால் சுமார் 20 கிலோ. அத்தனை கல்லும் பகல் முழுக்க விளக்கின் சூட்டை வாங்கி வைத்து, விளக்கு அணைந்த பிறகு மெல்ல மெல்ல விடும். வெயில் சாய்ந்த பின்னும் பாறை சூடாக இருக்குமே, மாலையில் ஓணான்கள் அதில் படுத்திருக்குமே, அந்த இயற்பியல்தான் இது. இரை தின்ற ஓணானுக்குச் செரிக்க வெப்பம் வேண்டும். ஆனால் கல்லுக்கு அடியில் வெப்பத்தகடு வைக்கத் துணிபவர்கள் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்கவே கூடாது. மரப்பலகைக்கு அடியில் வைத்தால் சூடு மேலே ஏறாமல் பலகையிலேயே தேங்கும், தீ விபத்துக்கும் அது வழி. வயிற்றுப்பக்கம் சுடுகிறது என்று ஊர்வன சட்டென்று விலகுவதில்லை. அசையாமல் படுத்தபடியே வெந்துபோன விலங்குகள் மருத்துவர்களிடம் வருகின்றன. விளக்கை மேலே வைத்து, டைலின் மேல்பரப்பில் வெப்பமானியை வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

இங்கே பெட்டி செய்பவர்களுக்கு ஒரு சிறு சூட்சுமம். பெட்டியைச் செய்துவிட்டு அதற்கேற்ப டைலை அறுப்பது வழக்கம். டைலை முதலில் வாங்கி, எட்டையும் தரையில் அடுக்கி அளந்து, அந்த அளவு உள்ளே கிடைக்கும்படி பெட்டியைச் செய்தால் ஒரு டைலையும் அறுக்க வேண்டாம். அறுத்த டைலின் விளிம்பு கூராகவும் இருக்கும், இடைவெளியும் சீராக வராது.

இடைவெளி என்றதும் விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். எட்டு டைல்களுக்கு நடுவே பத்து இணைப்புகள், சுற்றிலும் சுவரோடு ஒரு விளிம்பு. நம் குளியலறையில் டைல் வெள்ளையாக இருக்க, நடுக்கோடு மட்டும் கறுத்துப்போவதைப் பார்த்திருப்போம். அந்தக் கோட்டை நிரப்பும் கிரௌட் சிமெண்டும் நுண்மணலும் கலந்தது, நுண்துளைகள் கொண்டது. மரத்துக்குத் தப்பித்து டைலுக்கு வந்தவர் இந்தக் கோட்டில் மீண்டும் மரத்திடமே மாட்டிக்கொள்கிறார். பாம்பு வளர்ப்பவர்களுக்கு இன்னொரு பகையும் உண்டு. பாம்பு உண்ணி என்ற கடுகளவு ஒட்டுண்ணி, பாம்பின் மேல் இரத்தம் குடித்துவிட்டு, முட்டையிடக் கூண்டின் இடுக்கைத் தேடிப் போகும். ஒரு பெண் உண்ணி 60 முதல் 80 முட்டை வரை இடும். பாம்பை மட்டும் மருந்தில் குளிப்பாட்டினால் போதாது என்பதற்கு இதுவே காரணம், இடுக்குகளில் அடுத்த தலைமுறை காத்திருக்கும்.

இணைப்புக்கு மூன்று வழிகள் வளர்ப்பாளர்களிடையே இருக்கின்றன. எப்பாக்ஸி கிரௌட் நிரப்பலாம், நீர் உறிஞ்சாது. ஆனால் இறுகுமுன் வேலையை முடிக்க வேகமும் கைப்பழக்கமும் வேண்டும். சிலிகான் நிரப்பலாம், எளிது, சில ஆண்டுகளில் பிய்த்து மறுபடி இட வேண்டிவரும். மூன்றாவது வழி, எதையும் நிரப்பாமல் டைல்களை நெருக்கி வைத்து விட்டுவிடுவது. அடியில் ஒற்றைத் துண்டு வினைல் அல்லது குளம் அமைக்கப் பயன்படும் ஈ.பி.டி.எம். ரப்பர் விரிப்பு, அதன் ஓரங்கள் சுவரில் ஏறியபடி. மேலே சும்மா அடுக்கிய டைல்கள். வினைலுக்கு மேல் டைல் இருப்பதால் விளக்குச் சூடு வினைலை நேராகத் தாக்காது. இடுக்கில் இறங்கும் நீர் விரிப்போடு நின்றுவிடும். வாரம் ஒருமுறை டைல்களை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கழுவலாம். மூன்றில் இதுவே சிறந்தது என்பது இந்த நூலின் துணிபு. ஒரு குறை உண்டு. இரையாக விட்ட பாச்சைகள் டைலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இரவில் வெளியே வந்து உறங்கும் ஓணானையே கடிக்கும். ஆகவே பூச்சிகளைக் கூண்டுக்குள் அவிழ்த்துவிடாமல், வழவழப்பான கிண்ணத்தில் வைத்துக் கொடுத்து, மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும்.

எடுத்துக் கழுவத்தக்க டைல் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சிறுத்தைப் பல்லி வளர்ப்பவர்கள் பதில் சொல்வார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி அந்தப் பல்லிகளின் குடலைத் தாக்கி, வாலின் கொழுப்பெல்லாம் வற்றிக் குச்சியாகும் வரை இளைக்கச் செய்யும். அதன் முட்டையுறை குளோரினுக்கு மசியாது. நம் குடிநீரில் போடும் குளோரினுக்கும், கூண்டில் தெளிக்கும் ப்ளீச்சுக்கும் அதே கதைதான். கொதிநீருக்குத் தப்பாது. வினைலைக் கொதிநீரில் போட்டால் வினைல் கெடும், மரத்தைப் போட்டால் மரம் கெடும், கம்பளத்தைப் போட்டால் பாதி கிருமி நாருக்குள் தப்பும். விட்ரிஃபைட் டைலை மட்டும், குளிர்ந்திருக்கையில் திடீரென்று ஊற்றாமல் மெல்லச் சூடேற்றி, பெரிய பாத்திரத்தில் வேகவே வைக்கலாம். சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து பிறந்த பொருளுக்கு நூறு டிகிரி பெரிதல்ல.

நாள்தோறும் கழுவும் முறை எளிது, வரிசைதான் முக்கியம். முதலில் கழிவைத் தாளால் எடுத்து, வெந்நீர்ச் சோப்பில் தேய்க்க வேண்டும். கிருமிநாசினி அதற்குப் பிறகுதான். சாணமும் கொழுப்பும் ஒட்டியிருக்கும் பரப்பில் ப்ளீச்சை ஊற்றினால், அது அழுக்கோடு வினைபுரிந்து வலுவிழந்துபோகும், கிருமி அடியில் பத்திரமாக இருக்கும். சோப்பில் கழுவியபின், நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த நீரில் அரைக் கோப்பை, அதாவது சுமார் 120 மில்லிலிட்டர் ப்ளீச் கலந்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, நன்றாக அலசி, வாடை போகும் வரை காயவைக்க வேண்டும். ப்ளீச்சோடு வினிகரையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ சேர்த்தால் நச்சு வாயு எழும். பைன் எண்ணெய் மணக்கும் தரைக் கழுவிகளும் ஊர்வனக் கூண்டுக்கு ஆகாதவை. விலங்கு மருத்துவர்கள் குளோர்ஹெக்சிடினை விரும்புவதும் உண்டு, அது விலங்குக்கு மென்மையானது.

இவ்வளவும் வறண்ட நிலத்து, மண்ணைத் தோண்டாத, அளவான உடம்புள்ள விலங்குக்கு. மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பைக் கொண்டுவந்து இந்த டைலில் விட்டால் அது தவிக்கும். அதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். ஈரமில்லாவிட்டால் சட்டை ஒரே துண்டாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். டைல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. கிழக்கு ஆப்பிரிக்கா போன்ற வறண்ட நிலத்து மண்ணுளிப் பாம்புகள் மண்ணுக்குள் புதையாமல் வாழாது. தென் அமெரிக்காவின் டேகு என்ற பல்லி நம் உடும்பளவு வளர்ந்து, முன்காலால் வாரி வாரித் தோண்டும். அவற்றுக்குக் கனமான மண்ணடுக்கு வேண்டும். அப்போது டைல் வேண்டாம், அடியில் ஈ.பி.டி.எம். விரிப்பு மட்டும் போதும். அதன் மேல் மண். கழுவும் வேலையை அங்கே மண்ணில் வாழும் சிறு பூச்சிகளும் பூஞ்சைகளும் ஓரளவு ஏற்றுக்கொள்ளும்.

தாடி ஓணானிலும் பெண் ஓணானுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆணே இல்லாமல் தனியாக வளரும் பெண்ணும் சில வேளை முட்டை வைக்கும், பொரிக்காத முட்டைகள். வயிறு உப்பி, இரை மறுத்து, டைல் மேல் நகம் தேயத் தேயச் சுரண்டும். தோண்ட இடமில்லை என்றால் முட்டையை வெளியே விடாமல் அடக்கி வைத்துக்கொள்ளும். அடைபட்ட முட்டை அதன் உயிரையே எடுத்துவிடலாம். அந்த வாரத்துக்குக் கூண்டின் ஒரு மூலையில் இரண்டு டைல்களை எடுத்துவிட்டு, ஓரடி ஆழமுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் மணலும் மண்ணும் கலந்து, கையில் பிடித்தால் பிடி நிற்கும் அளவு ஈரமாக்கி வைக்க வேண்டும். ஓணான் அதில் இறங்கித் தோண்டி, முட்டையிட்டு, மூடி, மண்ணை மூக்கால் தட்டி அழுத்திவிட்டு வெளியே வரும். தொட்டியை எடுத்துவிட்டு, அந்த இரண்டு டைல்களையும் கழுவித் துடைத்து, பழைய இடத்தில் வைத்தால் சிறிது நேரத்தில் அவற்றில் ஏறிப் படுத்துக்கொள்ளும்.